வாரம் ஒரு ஊசி: எங்கள் வீட்டுக்கு எது சரிப்படும்?

அம்மாவின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 9.1 என்று வந்த அன்று டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. மெட்ஃபார்மின் ஏற்கெனவே முழு அளவில் போகிறது. காலையும் இரவும் கிளிமிபிரைடு, கூடவே வில்டாகிளிப்டின். "இனி மாத்திரைய வச்சு இழுக்க முடியாதும்மா. ஊசிக்குப் போகணும். தினம் ராத்திரி இன்சுலின் போடலாம், இல்லன்னா வாரம் ஒரு ஊசி. அதுலயே மூணு மருந்து இருக்கு. வீட்ல பேசிட்டு வாங்க" என்று சொல்லி, நான்கு பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நான் சென்னையில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் சாத்தூரில். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். ஊசியைப் பார்த்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஆகவே, போடப்போவது அப்பாதான். அப்பாவுக்கு 69. கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து படிக்க வராது. வலது கை விரல்களில் லேசான நடுக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் முடிவே இதில்தான் நின்றது. இந்த மருந்துகளைப் பற்றி யார் பேசினாலும் எது சர்க்கரையை அதிகம் குறைக்கும், எது எத்தனை கிலோ இறக்கும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாங்கள் போட்ட கணக்கு வேறு. எந்த மருந்தில் அப்பா கை தவற வாய்ப்புக் குறைவு? தவறினால் எதில் சேதம் குறைவு?

வாரம் ஒருமுறை என்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் இந்த மருந்து உடம்பை விட்டு லேசில் போகாது. சீட்டில் இருந்த மூன்று வார ஊசிகளில் டூலாக்ளூடைடும் டிர்செபடைடும் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து நாள் போல ஆகும். செமாக்ளூடைடுக்கு ஒரு வாரம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் நிறுத்தினால் போதும். இதில் தெரியாமல் இரண்டு மடங்கு போட்டுவிட்டால் குமட்டலும் வாந்தியுமாக நாள்கணக்கில் தவிக்க வேண்டியதுதான்.

முதலில் இன்சுலினைப் பார்த்துவிடுவோம். இரவில் ஒருமுறை போடும் கிளார்ஜின் வகை இன்சுலினை எங்கள் ஊரில் பலர் வருடக்கணக்கில் போட்டு வருகிறார்கள். விலை கையைக் கடிக்காது, பெரும்பாலும் எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். சர்க்கரை 300-க்கு மேலேயே நிற்கிறது, எச்பிஏ1சி 10-ஐத் தாண்டிவிட்டது, உடம்பு தானாக இளைத்துக்கொண்டே போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்சுலின்தான். என் பெரியப்பாவுக்கு 74 வயது, எடை 50 கிலோ. யாரோ சொன்னார்கள் என்று அவரும் வார ஊசி கேட்டுப் போனார். அவருடைய டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். இருக்கிற கொஞ்சம் சதையையும் பசியையும் குறைக்கும் மருந்தை ஒல்லியான முதியவருக்குக் கொடுத்தால் சர்க்கரை இறங்கும், ஆள் படுத்துவிடுவார். அவருக்கு இன்சுலின் சரி.

எங்கள் அம்மாவுக்கு எடை 74 கிலோ. இன்சுலின் போட்டால் இன்னும் இரண்டு மூன்று கிலோ ஏறலாம். அதைவிட எனக்குப் பயம், லோ சுகர். தினமும் சர்க்கரை பார்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சாப்பாடு தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு 365 ஊசி, 365 முறை அப்பா பென்னில் (பேனா போன்ற ஊசிக் கருவி) அளவு எண்ணைத் திருப்ப வேண்டும். வார ஊசிகள் தனியாகப் போட்டால் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்குவதில்லை; சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும். இந்த "தனியாக" என்ற சொல்லைக் கவனித்து வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஊசியே இல்லாமல் செமாக்ளூடைடு மாத்திரையும் இருக்கிறது, ரைபெல்சஸ் என்ற பெயரில். வெறும் வயிற்றில் அரை டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபி, சாப்பாடு, வேறு மாத்திரை எதுவும் கூடாது. அம்மா ஏற்கெனவே விடியற்காலையில் தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போடுகிறார். இரண்டையும் எப்படி வரிசைப்படுத்துவது என்று யோசித்துப் பார்த்தோம், சரிப்படவில்லை.

தைராய்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "தைராய்டு இருந்தா இந்த ஊசி போடக் கூடாதாமே" என்று அத்தை போன் செய்து பயமுறுத்திவிட்டார். பாதிதான் உண்மை. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் என்ற அரிய வகை தனக்கோ குடும்பத்தில் யாருக்கோ வந்திருந்தால், அல்லது மென் 2 என்ற பரம்பரை நோய் இருந்தால் கூடாது. சாதாரணமாகத் தைராய்டு சுரப்புக் குறைந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கணையத்தில் முன்பு அழற்சி வந்தவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், இரைப்பை சரியாகக் காலியாகாத கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். டைப் 1 சர்க்கரைக்கு இவை இன்சுலினுக்கு மாற்று ஆகாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். இதை மருந்துக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கும் தங்கச்சிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

சரி, மூன்று வார ஊசிகள்.

பலத்தில் முதலிடம் டிர்செபடைடுக்கு, மவுன்ஜாரோ என்ற பெயரில் வருவது. 2021-இல் வெளிவந்த சர்பாஸ்-2 ஆய்வில் இதையும் 1 மி.கி. செமாக்ளூடைடையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 40 வாரத்தில் டிர்செபடைடின் உச்ச அளவு எச்பிஏ1சியை 2.3 குறைத்தது, செமாக்ளூடைடு 1.86. எடையில் வித்தியாசம் இன்னும் அதிகம்: 11 கிலோவுக்கு 6 கிலோ போல. கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்திக்கு 48 வயது, எடை 96 கிலோ, ஈரலில் கொழுப்பு. அவர் இதைத்தான் போடுகிறார். அவருக்கு அது பொருத்தம் என்றே நினைக்கிறேன். விலை லேசுப்பட்டதல்ல. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பி என்று பெருக்கிப் பாருங்கள். தொடங்கிவிட்டுப் பணமில்லாமல் இரண்டு மாதம் விட்டு, திரும்பப் பழைய அளவிலேயே போடுவது ஆபத்து. பல வாரம் விட்டுப்போனால் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் கீழ் அளவிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

எங்களை யோசிக்க வைத்தது அந்தக் குப்பிதான். சித்தி முதல் ஊசி போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். அரை மில்லி மருந்து, கண்ணாடிக் குப்பி, சிரிஞ்ச் தனியாக வாங்க வேண்டும். வீட்டில் சித்தப்பாவின் இன்சுலின் சிரிஞ்ச் இருந்தது, சிவப்பு மூடி போட்டது. அதையே எடுத்துவிட்டார். நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை: சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100. சிவப்பு மூடியில் 40 என்ற கோடு வரை இழுத்தால் ஒரு மில்லி. ஆரஞ்சு மூடியில் அதே ஒரு மில்லிக்கு 100 கோடு. அரை மில்லி என்பது ஒன்றில் 20, மற்றொன்றில் 50! "அம்பது யூனிட் இழுக்கணும்னு வீடியோல சொன்னாங்களே, இதுல அம்பதே இல்லையே" என்று சித்தி சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த மருந்துக்கு யூனிட் என்ற கணக்கே கிடையாது. மி.கி. மருந்தின் எடை, மில்லி திரவத்தின் அளவு, யூனிட் இன்சுலினுக்கு உரியது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பினால் அளவு தாறுமாறாகிவிடும். அமெரிக்காவில் 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை விட்டது. மருந்தகங்களில் தனியாகக் கலந்து கொடுத்த செமாக்ளூடைடு குப்பிகளிலிருந்து சிலர் சொன்ன அளவைப் போல 5 முதல் 20 மடங்கு வரை இழுத்துப் போட்டு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். மவுன்ஜாரோ குப்பியில் இருப்பது ஒரு வேளை அளவு. மில்லி அளவு தெளிவாகப் போட்ட சிரிஞ்சில் அரை மில்லியை இழுத்துப் போட வேண்டும். பாதியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைப்பது, 5 மி.கி. குப்பி வாங்கி இரண்டாகப் பிரிப்பது எல்லாம் கூடாது. ஒருமுறை குத்திய குப்பியில் கிருமி சேரும், அளவும் தவறும்.

இதே மருந்து பென்னாகவும் வருகிறது, ஒரு பென்னில் நான்கு வாரத்து நான்கு ஊசி. நான்கு போட்ட பிறகும் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். அது ஐந்தாவது வேளை ஆகாது. அதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் வீடியோக்களைப் பார்க்கிறேன், பதறுகிறது. காசு கொடுத்து வாங்கியதை வீசுகிறோமே என்ற வருத்தம் புரிகிறது. இருந்தாலும் வீசத்தான் வேண்டும்.

அடுத்தது செமாக்ளூடைடு ஊசி. ஒசெம்பிக் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இன்று குறைவு. இந்த மூன்றில் சிறுநீரகத்துக்கு வலுவான சான்று உள்ளது இதற்குத்தான். 2024-இல் வந்த ஃப்ளோ ஆய்வில், சர்க்கரையோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்கு அது முற்றுவதும் சிறுநீரக, இதய நோயால் வரும் மரணமும் சேர்த்து 24 சதவீதம் குறைந்தன. உங்கள் வீட்டில் சிறுநீரில் புரதம் போகிறவர் இருந்தால் டாக்டரிடம் இந்த மருந்தைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். அம்மாவின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது கண்ணில்: விழித்திரையில் ஆரம்பக் கட்டப் பாதிப்பு. 2016-இன் சஸ்டெய்ன்-6 ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 26 சதவீதம் குறைந்தாலும், விழித்திரைச் சிக்கல் மருந்து போட்டவர்களில் 3 சதவீதம், போடாதவர்களில் 1.8 சதவீதம் என்று வந்தது. ஏற்கெனவே விழித்திரை கெட்டவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண் சில காலம் மோசமாகலாம் என்பது இன்சுலினிலும் தெரிந்த விஷயம்தான். அதனால் எந்த ஊசி என்றாலும் முதலில் கண் டாக்டர், பிறகு ஊசி என்று முடிவு செய்தோம். பார்வை திடீரென மங்கினால் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. கண் நரம்புக்கு இரத்தம் குறையும் நாயான் என்ற கோளாறு செமாக்ளூடைடில் மிக அரிதாக, அதிகம் போனால் பத்தாயிரத்தில் ஒருவருக்கு, வரக்கூடும் என்று 2025-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு சொல்லியிருக்கிறது.

இதன் பென்னில் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்ட வேண்டும், அளவைத் திருப்பி வைக்க வேண்டும், அழுத்திய பிறகு எண் பூச்சியத்துக்கு வந்ததும் ஆறு வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். எனக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அப்பா மாதிரிப் பென்னில் பழகிப் பார்த்தார். ஊசியின் உள் மூடியைக் கழற்றும்போது கை நடுங்கி இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டார்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு உள்நாட்டுத் தயாரிப்புகள் வரும்போது விலை இறங்குவது நல்லதுதான், எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரே மருந்து பல பெயர்களில், சிலது பென்னாக, சிலது குப்பியாக, வேறு வேறு அடர்த்தியில் வரும்போது, போன மாதப் பழக்கத்தில் இந்த மாதம் போடக் கூடாது. கடைக்காரர் வேறு பெயரில் கொடுத்தால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டே பிரியுங்கள். போலி ஒசெம்பிக் பற்றி உலக சுகாதார அமைப்பு 2024 ஜூனில் எச்சரித்ததையும் மறக்க வேண்டாம். பில் இல்லாமல், வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்துத் தருகிறவரிடம் இந்த மருந்தை வாங்கவே கூடாது.

மூன்றாவது டூலாக்ளூடைடு, ட்ருலிசிட்டி. மூன்றில் பழையது, அமெரிக்காவில் 2014-இலேயே வந்தது. பலத்தில் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான், எடையும் குறைவாகவே இறங்கும். இதய விஷயத்தில் மட்டும் எங்கள் அம்மா மாதிரி ஆட்களை வைத்தே ஆய்வு நடந்திருக்கிறது. 2019-இன் ரிவைண்ட் ஆய்வில் 9,901 பேர், பெரும்பாலோர் அதுவரை இதயநோய் வராதவர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன.

எங்களைக் கவர்ந்தது அந்தப் பென். ஒருமுறை போட்டதும் தூக்கி எறிவது. ஊசி உள்ளே மறைந்திருக்கும், கண்ணிலேயே படாது. எண்ணைத் திருப்பும் வேலை இல்லை. அடிமூடியைக் கழற்றி, கண்ணாடி போன்ற அடிப்பாகத்தைத் தோலில் பதித்து, பூட்டைத் திருகித் திறந்து, பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். டக் என்று ஒரு சத்தம். ஐந்து முதல் பத்து விநாடியில் இன்னொரு டக். அது வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்ததும் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் மருந்து முழுதும் போய்விட்டது. அப்பாவின் கை நடுங்கினாலும் அளவு மாறாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு "போட்டாச்சா?" என்று கேட்பதற்குள் இரண்டாவது டக் கேட்டுவிட்டது.

டாக்டரும் சரி என்றார். 0.75 மி.கி.யில் தொடங்கினார், வில்டாகிளிப்டினை நிறுத்தினார். இரண்டும் ஒரே வழியில் வேலை செய்பவை என்பதால் சேர்த்துப் போடுவதில் பயனில்லை. உங்கள் சீட்டில் சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் என்று இருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

கிளிமிபிரைடு விஷயத்தில்தான் கொஞ்சம் கோட்டை விட்டோம். தனியாகப் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்காது என்றேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவற்றோடு சேரும்போது லோ சுகர் வரலாம். ஐந்தாவது வாரம். அம்மாவுக்குப் பசி குறைந்திருந்தது, மதியம் இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்துவிட்டார். காலை மாத்திரை மட்டும் வழக்கமான அளவு. நாலு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்பா பார்த்தால் சர்க்கரை 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார், 92. அன்று மாலையே டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார். வார ஊசி தொடங்கும் அன்றே இதைக் கேட்டிருக்க வேண்டும். அம்மா சஷ்டி விரதம் இருக்கிறவர், விரத நாளில் மாத்திரை எப்படி என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வைத்துவிட்டோம்.

குமட்டல் முதல் மூன்று வாரம் இருந்தது. தட்டைச் சின்னதாக்கி, எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு, வயிறு நிறைந்ததும் நிறுத்தினால் தாங்கக்கூடியதாக இருக்கிறது. வாந்தி நிற்காமல் தண்ணீரே தங்கவில்லை என்றால் சிறுநீரகம் பாதிக்கும், அன்றே போக வேண்டும். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுப் பக்கம் பாய்கிறது என்றால் வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அது கணைய அழற்சியாக இருக்கலாம். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோபியோ செய்வதாக இருந்தால், வார ஊசி போடுகிறேன் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பட்டினி இருந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிச்சமிருக்கலாம்.

மறந்துபோனால் என்ன செய்வது என்பது மூன்றுக்கும் மூன்று விதம். டூலாக்ளூடைடு: அடுத்த ஊசிக்கு மூன்று நாளாவது இருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். டிர்செபடைடு: தவறிய நாளிலிருந்து நான்கு நாளுக்குள். செமாக்ளூடைடு: ஐந்து நாளுக்குள். எதிலும் இரண்டை ஒன்றாகப் போடவே கூடாது.

பாதுகாத்து வைப்பதில் எங்கள் ஊர் வெயில் ஒரு தனிப் பிரச்சினை. ஃப்ரிட்ஜுக்கு வெளியே ட்ருலிசிட்டி 14 நாள், மவுன்ஜாரோ குப்பி 21 நாள் தாங்கும் என்று தாளில் இருக்கும். அது 30 டிகிரிக்குள் இருந்தால் மட்டும். சித்திரையில் சாத்தூரில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். சரி, ஃப்ரிட்ஜில் வைத்தால் முடிந்ததா? எங்களுடையது ஒற்றைக் கதவு. முதல் பெட்டியை அப்பா பத்திரமாக மேல்தட்டில், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த கொத்தமல்லிக் கட்டு விறைத்துக் கிடந்ததைப் பார்த்து அம்மாதான் சந்தேகப்பட்டார். உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது. ஒரு பென் போயிற்று. இப்போது நடுத்தட்டில், எவர்சில்வர் டப்பாவுக்குள், பின்சுவரில் ஒட்டாமல் இருக்கிறது. மருந்துக்கடையிலிருந்து கொண்டு வரும்போதும் ஐஸ் கட்டி நேரடியாகத் தொடாமல் துண்டில் சுற்றிக் கொண்டு வருகிறோம்.

போட்ட பென்களை அப்பா ஒரு தடித்த பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு இறுக மூடி வைக்கிறார். நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்கா வெறுங்கையால்தான் பிரிக்கிறார், வீட்டுக் குப்பையில் இதைப் போட மனம் வராது.

ஞாயிறு காலை எட்டரைக்கு நான் வீடியோவில் வருவேன். அப்பா பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து மருந்தின் பெயர், மி.கி., காலாவதி மாதம் மூன்றையும் சத்தமாகப் படிப்பார். எழுத்து தெரியவில்லை என்றால் கேமராவுக்குக் கிட்டே காட்டுவார். போன வாரம் வலது தொடை என்றால் இந்த வாரம் இடது. போட்டதும் நாள்காட்டித் தாளில் ஒரு வட்டம். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 7.7. அளவை 1.5 மி.கி.க்கு ஏற்றலாமா என்று டாக்டர் கேட்டார். அடுத்த கண் பரிசோதனை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.